தைலமும் பாறும்

கேள்வி: காய்ச்சல், மூட்டுவலி, மாதவிடாய் வலி எல்லாவற்றுக்கும் ஒரே வகை மாத்திரையை எழுதித் தருகிறார்களே, எப்படி? அதைவிட எங்கள் மலையின் விண்டர்கிரீன் தைலம் இயற்கையானதுதானே?
- ஒரு வாசகர், கோத்தகிரி

பதில்: இயற்கையா! தேயிலைத் தோட்டத்தில் ஆளை முட்டித் தள்ளும் காட்டெருமை நூறு சதவீதம் இயற்கை. மழைக்காலத்தில் காலைக் கவ்வும் அட்டையும், ரத்தம் உறையாமலிருக்க அது உள்ளே விடும் சரக்கும் கலப்படமே இல்லாத இயற்கை. சீசாவில் 'பக்கவிளைவு அற்றது' என்று ஒட்டுகிறவர்கள் அட்டைக்கும் ஒரு லேபிள் அடிக்கலாம். இதை நான் எழுதுவதும் புதிதல்ல, தைலக்கடைக்காரர்கள் கோபிப்பதும் புதிதல்ல.

அந்தத் தைலம் ஏறக்குறைய முழுக்க மெத்தில் சாலிசிலேட். ஆஸ்பிரினுக்குப் பங்காளி. ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி, சுமார் 7 கிராம் ஆஸ்பிரினுக்குச் சமம். சின்னக் குழந்தை குடித்தால் உயிரே போகலாம். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர் முழங்காலில் தாராளமாகத் தேய்த்தாலே ரத்தக்கசிவு வரலாம்.

மாத்திரைக்கு வருகிறேன். நோய்கள் வேறு, நொதி ஒன்று: காக்ஸ். செல் சவ்விலிருந்து பிரியும் அராக்கிடோனிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்தை அது புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் ஆக்குகிறது. அதுவே மூட்டில் வீக்கம், மூளையில் காய்ச்சல், கருப்பையில் பிடிப்பு. ஆஸ்பிரின் வகையறா இந்த உற்பத்தியைத் தடுப்பதை மருந்தியல் அறிஞர் ஜான் வேன் 1971இல் காட்டினார், 1982இல் நோபல். ஆனால் காக்ஸில் இரண்டு வகை: காக்ஸ்-1, காக்ஸ்-2. காக்ஸ்-1 இரைப்பைச் சுவருக்குக் காவல், அதையும் அடைத்தால் புண். காக்ஸ்-2வை மட்டும் அடைப்போம் என்று வந்த ரோஃபெகாக்சிப் என்ற மருந்து மாரடைப்பைக் கூட்டியதால் 2004இல் சந்தையை விட்டே போனது. டெங்கு என்று சந்தேகம் இருந்தால் ஆஸ்பிரின், இப்யூபுரூஃபன் இரண்டையும் தொடாதீர்கள், ரத்தக்கசிவு கூடும்.

நீங்கள் பாறுக் கழுகைப் பற்றிக் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்வேன். இதே நொதியை அடைக்கும் டைக்ளோஃபெனாக் என்ற வலிமருந்தை மாட்டுக்குப் போட்டார்கள். அந்த மாடு செத்ததும் அதைத் தின்ற பாறுகளின் சிறுநீரகம் பழுதாகி, உள்ளுறுப்பெல்லாம் யூரிக் அமிலம் படிந்து கூட்டம் கூட்டமாகச் செத்தன. 2006இல் கால்நடைக்கு அதைப் போடத் தடை வந்தது. உடனே மனிதருக்கான பெரிய குப்பிகள் மாட்டுக்கொட்டகைக்குப் போயின. 2015இல் குப்பியை 3 மில்லியாகச் சுருக்க வேண்டியதாயிற்று. மோயாறு பள்ளத்தாக்கில் மிச்சமிருக்கும் பாறுகளுக்காக, மசினகுடிப் பக்கம் மாடு வைத்திருப்பவர்கள் கால்நடை மருத்துவரிடம் மெலாக்சிகாம் கேளுங்கள். அதுவும் காக்ஸை அடைப்பதுதான், ஆனால் பாறுக்கு ஒன்றும் ஆவதில்லை.