மண் ஈரமாகத்தான் இருக்கிறது, செடி ஏன் வாடுகிறது?

சென்னை மடிப்பாக்கத்தில் மாடித்தோட்டம் வைத்திருக்கும் ஒரு வாசகியின் கேள்வி, சுருக்கமாக: குரோ பேக்கில் மிளகாய், கத்தரி, தக்காளி வளர்க்கிறார். இலை வெளுத்துப் போகிறதே என்று பைக்கு ஒரு கைப்பிடி யூரியா, ஒரு கைப்பிடி பொட்டாஷ் போட்டு, மேலாகத் தண்ணீர் தெளித்திருக்கிறார். மறுநாள் மதியம் எல்லாச் செடியும் தலை தொங்கிக் கிடக்கிறது, ஆனால் மண்ணில் விரலை விட்டால் நல்ல ஈரம். "வேர் அழுகல்தான், தண்ணீரை நிறுத்துங்கள் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். நிறுத்தவா, ஊற்றவா?"

ஊற்றுங்கள். அதுவும் நிறைய ஊற்றுங்கள். மீதியை அப்புறம் படித்துக்கொள்ளலாம், முதலில் மண்மேல் கரையாமல் கிடக்கும் குருணையை மேல்மண்ணோடு சுரண்டி எடுத்துவிட்டு, பையை நிழலுக்கு நகர்த்துங்கள், அடித்துளைகள் அடைத்துக்கொள்ளாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள், பிறகு 20 லிட்டர் பையென்றால் 40 லிட்டர் தண்ணீரை நாலைந்து தவணையாக, ஒவ்வொரு தடவையும் வடிந்து முடிந்த பிறகு அடுத்தது என்று ஊற்றுங்கள். கீழே தட்டு வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். தட்டில் தேங்கிய உப்புத் தண்ணீரை மண் மறுபடி உறிஞ்சிக்கொள்ளும், செய்த வேலை வீண்.

சரி, என்ன நடந்தது? உங்கள் செடிக்குத் தண்ணீர்ப் பஞ்சம் இல்லை. வேருக்குப் பக்கத்திலேயே தண்ணீர் இருந்தும் அதை உள்ளே இழுக்க முடியாமல் வாடுகிறது.

எந்தப் பொருளும் தண்ணீரில் கரைந்தால் அதன் துகள்கள் ஓரிடத்தில் நிற்காது, முட்டி மோதிக்கொண்டே அடர்த்தி அதிகமான பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்குப் பரவும். இதுதான் பரவல். ஆக்சிஜனும் கார்பன் டை ஆக்சைடும் செல்லுக்குள் போய்வருவது இப்படித்தான், செல்லின் சவ்வு அவற்றைத் தடுப்பதில்லை. ஆனால் பொட்டாசியம், குளோரைடு மாதிரி மின்னேற்றம் உள்ள அயனிகளுக்கு அந்தக் கொழுப்புச் சவ்வு ஒரு சுவர், தனியாக வாசல் இருந்தால்தான் உள்ளே போக முடியும். தண்ணீருக்கோ எளிதான வழி உண்டு. அக்வாபோரின் என்ற புரத வாசல்கள் வழியாகச் சர்ரென்று போய்வரும் (அதைக் கண்டறிந்த பீட்டர் அக்ரேவுக்கு 2003-இல் வேதியியல் நோபல் கொடுத்தார்கள்). ஆக, சவ்வுக்கு ஒரு பக்கம் உப்பு ஏறிவிட்டால் உப்பு நகர்ந்து சமன் செய்ய முடியாது, தண்ணீர்தான் உப்பு அதிகமுள்ள பக்கத்துக்கு நகரும். இதைச் சவ்வூடுபரவல் என்று எட்டாம் வகுப்பில் படித்திருப்போம், மதிப்பெண் வாங்கியதும் மறந்திருப்போம்.

சாதாரண நாளில் இது செடிக்குச் சாதகம். வேர்ச் செல்லுக்குள் சர்க்கரையும் உப்புகளும் கரைந்திருப்பதால் வெளியே உள்ள தண்ணீர் தானாக உள்ளே வரும், வந்து செல்லைப் புடைக்க வைக்கும். நன்றாக நிமிர்ந்து நிற்கும் இலையின் செல்லுக்குள் 5 பார் (பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்கு அழுத்தம் சர்வசாதாரணம், உங்கள் கார் டயரில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு. மரக்கட்டையாகாத இளந்தண்டும் இலையும் நிமிர்ந்து நிற்பது பெரும்பாலும் இந்த அழுத்தத்தில்தான்.

இப்போது உங்கள் கைப்பிடிக்கு வருவோம். ஒரு கைப்பிடி 50 கிராம் என்று வையுங்கள், அந்தப் பையின் மண்ணில் 6 லிட்டர் தண்ணீர் நிற்கிறது என்று வையுங்கள். பொட்டாஷ் கரைந்தால் ஒவ்வொரு மூலக்கூறும் பொட்டாசியம், குளோரைடு என இரண்டாகப் பிரியும், அது மட்டுமே சுமார் 5.5 பார் எதிர் இழுப்பைக் கொடுக்கும், அதாவது வேருக்கு எதிராகத் தண்ணீரை மண்பக்கமே பிடித்து இழுக்கும். யூரியா பிரியாது, அதன் பங்கு சுமார் 3.4 பார். சேர்த்தால் 9 பாருக்குப் பக்கம். மண்ணில் ஏற்கெனவே இருந்த உப்பும் உங்கள் போர் தண்ணீர் கொண்டுவந்த உப்பும் தனி. காய்கறிச் செடியின் வேர்ச் செல்லுக்குள் இருக்கும் இழுப்பே ஏறக்குறைய இந்த அளவுதான். மதிய வெயிலில் பையில் பாதித் தண்ணீர் ஆவியாகிவிட்டால் உப்பு அங்கேயே இருக்கும், அடர்த்தி இரட்டிப்பாகும். சுமார் 15 பாரில் பெரும்பாலான பயிர்களால் மண்ணிலிருந்து தண்ணீரை எடுக்கவே முடியாது, அதைத்தான் நிரந்தர வாடல் நிலை என்பார்கள். ஈரமண்ணில் நின்றுகொண்டே செடி அங்கே போய்ச் சேர்ந்துவிடுகிறது. யூரியா சவ்வைக் கொஞ்சம் தாண்டிப் போகும் என்பதால் அதன் எதிர் இழுப்பு கணக்கில் வருவதைவிடக் குறைவுதான், ஆனால் அதற்கு வேறு ஒரு கெட்ட குணம் உண்டு, சில நாட்களில் அமோனியாவாக மாறி வேர் நுனியைச் சுடும்.

நம்பிக்கை வரவில்லையா? உருளைக்கிழங்கை விரல் நீளத்துக்கு இரண்டு துண்டாக வெட்டி, ஒன்றை வெறும் தண்ணீரிலும் மற்றொன்றை ஒரு டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் கல்லுப்பு போட்ட தண்ணீரிலும் இரண்டு மணி நேரம் வையுங்கள். வெறும் தண்ணீரில் இருந்தது வளைத்தால் சடக்கென்று ஒடியும். உப்பில் இருந்தது ரப்பர் மாதிரி வளையும், நீளமும் ஒரு துளி குறைந்திருக்கும். அந்த வளைவுதான் உங்கள் மிளகாய் இலையில் தெரிவது. 2004 சுனாமியில் நாகப்பட்டினம் பக்கம் கடல்நீர் புகுந்த வயல்களில் பயிர் கருகியதற்கும் முதல் காரணம் இதுதான், கடல்நீரின் இழுப்பு 25 பாருக்கு மேல்.

"விட்டுவிட்டால் உரம் தானாக மண் முழுக்கப் பரவிச் சரியாகிவிடாதா?" என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பலர் கேட்பார்கள். ஆகாது. பரவல் மிகச் சின்னத் தூரத்துக்குத்தான் வேகமானது. ஒரு செல்லின் அகலமான 10 மைக்ரானை ஒரு அயனி கடக்க ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு போதும். தூரம் பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்காகும் என்பது இதன் கணக்கு, அதனால் அசையாத தண்ணீரில் 1 சென்டிமீட்டருக்கு அரை நாளுக்கு மேல், 10 சென்டிமீட்டருக்குக் கிட்டத்தட்ட இரண்டு மாதம். மண்ணில் இன்னும் மெதுவு. ஓடும் தண்ணீர்தான் உப்பை அடித்துக்கொண்டு போகும், அதனால்தான் 40 லிட்டர். இரண்டு குவளை மட்டும் ஊற்றினால் உப்பு நாலு விரல்கடை கீழே இறங்கும், வெயில் அடித்ததும் ஈரத்தோடு திரும்ப மேலே ஏறிவரும். பையின் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருக்கும் பாருங்கள், அது அப்படி ஏறி வந்ததுதான்.

எவ்வளவு கழுவினால் போதும் என்பதற்கு தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் ஒரு டி.டி.எஸ் மீட்டர் உதவும், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஊற்றும் தண்ணீரையும் அடியில் வடியும் தண்ணீரையும் அளந்து பாருங்கள், இரண்டும் பக்கத்தில் வந்தால் நிறுத்தலாம். ஆனால் இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது, கடைக்காரர்கள் இதைச் சொல்வதே இல்லை: அந்த மீட்டர் மின்கடத்தலைத்தான் அளக்கிறது. யூரியாவுக்கு மின்னேற்றம் கிடையாது, எனவே தண்ணீரில் எவ்வளவு யூரியா இருந்தாலும் மீட்டருக்குத் தெரியாது. அதனால் மீட்டர் சரி என்று சொன்ன பிறகும் இன்னொரு தவணை ஊற்றிவிடுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதையும் ஒரேயடியாகத் தள்ள வேண்டாம். அழுகலிலும் மண் ஈரமாகத்தான் இருக்கும், செடியும் வாடும். ஆனால் அது நாள் கணக்கில் வரும், அடியிலைகள் முதலில் மஞ்சளாகும், வேரைத் தோண்டினால் பழுப்பாக வழவழப்பாக இருக்கும், நாறும். உங்களுக்கு உரம் போட்ட மறுநாளே வந்திருக்கிறது, இலை ஓரம் காகிதம் போலக் கருகத் தொடங்கியிருந்தால் சந்தேகமே வேண்டாம். தண்ணீர் தேங்கி நின்றால் என்ன கெடுதல் என்றால், வேர் சத்தை எடுப்பது சும்மா நடப்பதில்லை. செல் தன் சக்தியைச் செலவழித்து ஹைட்ரஜன் அயனியை வெளியே தள்ளி, அந்த வேறுபாட்டை வைத்துத்தான் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் உள்ளே இழுக்கிறது. அந்தச் சக்திக்கு ஆக்சிஜன் வேண்டும், சேற்றில் அது இல்லை. எனவே கழுவிய பிறகு நன்றாக வடியவிட்டு, மேல் இரண்டு சென்டிமீட்டர் காயும்வரை பொறுங்கள்.

மறுநாள் விடியற்காலையில் பாருங்கள். இலை நிமிர்ந்திருந்தால் செடி பிழைக்கும், மதியம் மறுபடி கொஞ்சம் தொங்கினாலும் பயப்படாதீர்கள். காலையிலும் தொங்கியே இருந்து, தண்டும் சுருங்கியிருந்தால் புது நாற்று வாங்குவதுதான் நல்லது. கருகிய ஓரம் பச்சையாகாது, புதுத் துளிரைப் பாருங்கள். வாடிய செடியைப் பார்த்து மனசு கேட்காமல் டானிக், பஞ்சகவ்யம், எப்சம் உப்பு என்று எதையாவது ஊற்றாதீர்கள், அது வெந்த புண்ணில் வேல்.

இரண்டு மூன்று வாரம் கழித்து உரம் கொடுக்கலாம். தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ள, தண்ணீரில் கரையும் 19:19:19 உரம் என்றால் லிட்டருக்கு ஒரு கிராம், 10-15 நாளுக்கு ஒரு தடவை, முதலில் வெறும் தண்ணீர் ஊற்றி மண்ணை நனைத்த பிறகு. மொத்த உரம் அதேதான் என்றாலும் பிரித்துக் கொடுத்தால் செடி தாங்குகிறது, ஏனென்றால் உப்பு மெதுவாக ஏறினால் வேர்ச் செல்லும் தன் பங்குக்குச் சர்க்கரை, புரோலின் (ஓர் அமினோ அமிலம்) என்று உள்ளே சேர்த்துக்கொண்டு இழுப்பைக் கூட்டிவிடும். அதற்கு நாட்கள் வேண்டும், ஒரே ராத்திரியில் முடியாது. மண்புழு உரம் இந்த வகையில் பொதுவாகச் சாது. பச்சைக் கோழி எரு அப்படி இல்லை, அதுவும் இதே மாதிரி சுடும்.

கடைசியாகத் தண்ணீர். உங்கள் போர் தண்ணீர் கொஞ்சம் உவர்ப்பு என்று எழுதியிருந்தீர்கள், முடிந்தால் கழுவுவதற்கு மெட்ரோ வாட்டரோ பிடித்து வைத்த மழைநீரோ எடுங்கள். இரண்டும் இல்லையென்றால் போர் தண்ணீரே பரவாயில்லை, அது போட்ட உரத்தைவிட உப்புக் குறைவுதான். உங்கள் மூன்று செடிகளில் தக்காளி கொஞ்சம் உப்பு தாங்கும், மிளகாய் அவ்வளவு தாங்காது, ஆகவே நல்ல தண்ணீர் கொஞ்சம்தான் இருக்கிறதென்றால் மிளகாய்ப் பைக்குக் கொடுங்கள். ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் கழிவுத் தண்ணீரை மட்டும் மாடிக்குக் கொண்டு போகாதீர்கள், வடிகட்டியில் நின்ற உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. வாசல் கழுவ வைத்துக்கொள்ளுங்கள்.