ஆர்த்தோ இம்பிளான்ட் விற்பனையில் ஆட்கள் ஏன் இரண்டு வருடம்கூடத் தங்குவதில்லை?

கேள்வி கேட்டவர் தன் தம்பிக்காகக் கேட்டிருக்கிறார். பயோமெடிக்கல் முடித்த பையன், மதுரையில் எலும்பு இம்பிளான்ட் விற்கும் ஒரு கம்பெனியிலிருந்து ஆஃபர் வந்திருக்கிறது, சம்பளமும் நன்றாகவே இருக்கிறது. ஆனால் அதே இடத்தில் மூன்று வருடத்தில் நாலு பேர் வந்து போயிருக்கிறார்கள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். ஏன் இப்படி ஓடுகிறார்கள், தம்பியை அனுப்பலாமா என்கிறார்.

நான் இந்த வேலையில் பதினான்கு வருடம் இருந்தவன். முதலில் ரெப், அதாவது விற்பனைப் பிரதிநிதி, அப்புறம் தென் மாவட்டங்களுக்கு ஏரியா மேனேஜர். எனக்குக் கீழே வேலை பார்த்துவிட்டுப் போனவர்கள் மட்டும் பதினொரு பேர். ராஜினாமா கடிதத்தில் பதினொரு பேரும் 'சொந்தக் காரணம்' என்றுதான் எழுதினார்கள். உண்மையான காரணத்தை டீக்கடையில் நின்று என்னிடம் சொன்னார்கள். அதை வைத்துத்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

பொதுவாக எல்லோரும் டார்கெட் பிரஷர் என்பார்கள். டார்கெட் எந்த விற்பனை வேலையில் இல்லை? சோப்பு விற்பவனுக்கும் இருக்கிறது, இன்சூரன்ஸ் விற்பவனுக்கும் இருக்கிறது. எங்கள் வேலையில் ஆள் உடைவது வேறு இடத்தில். கம்பெனி சுமக்க வேண்டிய நஷ்டத்தையெல்லாம் ஒரு தனி ஆளின் பெயரில் எழுதி வைத்துவிடுகிறார்கள். அவன் போனால் அந்தக் கணக்கு அடுத்தவன் தலையில் வந்து விழுகிறது, கொஞ்ச நாளில் அவனும் போகிறான்.

வெளியில் இருப்பவர்களுக்குப் புரிய வேலையைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். எலும்பு ஆபரேஷனில் உடம்புக்குள் வைக்கும் பிளேட், ஸ்க்ரூ, நெயில் (எலும்புக்குள் இறக்கும் கம்பி) எல்லாம்தான் இம்பிளான்ட். இவை எல்லாவற்றையும் எல்லா அளவிலும் ஒரு நடுத்தர ஆஸ்பத்திரி வாங்கி அடுக்கி வைக்க முடியாது. அதனால் கம்பெனியோ டீலரோ ஒரு 'செட்' வைத்திருப்பார்கள். செட் என்றால் ஸ்டீல் பெட்டிகள். ஒன்றில் கருவிகள், இன்னொன்றில் இம்பிளான்ட், ஒவ்வொரு பெட்டியும் பத்துப் பன்னிரண்டு கிலோ வரும். டாக்டர் கேஸ் போட்டதும் ரெப் அதைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், ஆஸ்பத்திரியில் அதை ஆட்டோகிளேவில் (கிருமி நீக்கும் கருவி) வைப்பார்கள், ஆபரேஷன் முடிந்ததும் எத்தனை ஸ்க்ரூ போனது என்று எண்ணி அதற்கு மட்டும் பில். மிச்சத்தைக் கழுவி, எண்ணி, அடுத்த ஆஸ்பத்திரிக்கு. டெலிவரி சலானில் கையெழுத்து ரெப்புடையது.

நான் ரெப்பாக இருந்தபோது நடந்த ஒரு நாளைச் சொல்கிறேன். ராத்திரி ஒன்பதரை மணி, வீட்டில் தட்டில் கை வைத்த நேரம். கோவில்பட்டியிலிருந்து போன். பாத்ரூமில் வழுக்கி விழுந்த ஒரு பாட்டி, இடுப்பெலும்பு முறிவு, காலையில் முதல் கேஸ், பிஎஃப்என் செட் வேண்டும், அதாவது தொடை எலும்பின் மேல் பகுதிக்குள் இறக்கும் நெயில். எங்கள் ஏரியாவில் அந்தச் செட் இரண்டுதான். ஒன்று திண்டுக்கல்லில் ஆபரேஷனுக்காகக் காத்திருக்கிறது, இன்னொன்று அன்று சாயங்காலம் திருநெல்வேலியில் கேஸ் முடிந்து கழுவாமல் கிடக்கிறது. மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறி, ஒன்றரை மணிக்குத் திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் வாட்ச்மேனை எழுப்பி, தியேட்டருக்கு வெளியே இருக்கும் சிங்க்கில் பிரஷ்ஷை வைத்து எலும்பைக் குடையும் ரீமருக்குள் உறைந்திருந்த ரத்தத்தைத் தேய்த்து, ஒவ்வொரு குழியாக ஸ்க்ரூவை எண்ணி அடுக்கி, இரண்டு பெட்டியையும் தூக்கிக்கொண்டு திரும்ப பஸ் ஏறினேன். லக்கேஜ் டிக்கெட்டுக்குக் கண்டக்டரிடம் சில்லறைத் தகராறு வேறு. நாலரை மணிக்குக் கோவில்பட்டி. தியேட்டர் சிஸ்டரிடம் பெட்டியைக் கொடுத்துவிட்டு வராந்தா பெஞ்சில் படுத்தேன். எட்டரை மணிக்கு எக்ஸ்ரே கதிரைத் தடுக்கும் லெட் ஏப்ரன் மாட்டிக்கொண்டு தியேட்டருக்குள் நிற்கிறேன், டாக்டர் "130 டிகிரியில் பத்து மில்லி நெயில் இருக்கா?" என்கிறார், எந்த டிரேயில் எந்த வரிசை என்று சிஸ்டருக்கு விரலை நீட்டிக் காட்டுகிறேன்.

மறுநாள் அதே ஆஸ்பத்திரிக்குக் கையெழுத்து வாங்கப் போனபோது அந்தப் பாட்டியை வாக்கர் பிடித்து எழுப்பி நிற்க வைத்திருந்தார்கள். அவருக்கு என்னை யாரென்று தெரியாது. எனக்கு அது போதும் என்று இருந்தது. நான் பார்த்த வரையில் இந்த வேலைக்கு வந்தவர்களில் பாதிப் பேருக்குமேல் இப்படி ஒரு நாள் இருக்கும், அதைச் சொல்லும்போது முகம் மாறும். ஆகவே உழைப்புக்குப் பயந்து ஓடுகிறார்கள் என்று சொல்லும் மேனேஜர்களை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பொறுமை இல்லை என்பதையும்தான்.

சரி, அப்புறம் எதற்கு ஓடுகிறார்கள்? அந்த ராத்திரி எண்ணிய ஸ்க்ரூவில் இரண்டு குறைந்தது. அளவளவாக ஒரு பெட்டிக்குள் நிறைய இருக்கும். ஆபரேஷனில் ஒன்று தரையில் விழுந்திருக்கும், ஒன்றை உள்ளே போட்டுவிட்டு எடுத்து வேறு நீளம் போட்டிருப்பார்கள், ஒன்று மாப் துணியோடு போயிருக்கும். ஆஸ்பத்திரி பேஷன்ட்டுக்குப் போட்டதற்கு மட்டும்தான் பணம் தரும், அது நியாயம். கம்பெனியோ மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஆடிட் வைத்து, குறைந்ததையெல்லாம் ரெப்பின் பெயரில் டெபிட் போடும், அதாவது அவன் கொடுக்க வேண்டிய பணமாக எழுதும். டிரில் பிட் உடைந்தால் டெபிட். ஸ்டெரைல் பேக்கில் வரும் மூட்டு இம்பிளான்ட் தேதி காலாவதி ஆனால் அதற்கும் விளக்கம் கேட்டு மெயில். எனக்குக் கீழே இருந்த ஒரு பையன், விருதுநகர்க்காரன், சேர்ந்து எட்டாவது மாதம் ஆடிட்டில் 68,000 ரூபாய் குறைந்தது. அதில் பெரும்பகுதி அவனுக்கு முன்னால் இருந்தவன் காலத்தது. சேரும்போது யாரும் பெட்டியைத் திறந்து எண்ணிக் கொடுக்கவில்லை, 'எல்லாம் சரியா இருக்கு, கையெழுத்துப் போடு' என்றார்கள், இருபத்து மூன்று வயதுப் பையன், போட்டுவிட்டான். அவன் அப்பா தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்ப்பவர். "அண்ணே, வீட்ல எப்படிச் சொல்றது" என்று என் முன்னால் அழுதான். நான் மேலே இரண்டு தடவை எழுதினேன், பாதியைத் தள்ளுபடி செய்தார்கள், மீதியை இன்சென்டிவில், அதாவது விற்பனைக்குக் கிடைக்கும் ஊக்கத்தொகையில் பிடித்தார்கள். நாலே மாதத்தில் அவன் போய்விட்டான். அந்தக் கையெழுத்து வாங்கிய நாளில் நானும் அந்த அறையில்தான் இருந்தேன், எண்ணிக் கொடுங்கள் என்று நான் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும், அது இன்றைக்கும் உறுத்துகிறது.

அவன் போன பிறகு நடந்ததைக் கவனியுங்கள். புது ஆள் வர நாலு மாதம் ஆனது. அதுவரை விருதுநகர், சிவகாசி, ராஜபாளையம் மூன்றையும் பக்கத்து ஏரியா ரெப் பார்க்க வேண்டும். அவனுக்கு டார்கெட்டும் சேர்ந்து வந்தது, சம்பளம் சேர்ந்து வரவில்லை. அவனும் கேஸுக்குக் கேஸ் ஓடி, ஒரு செட் நேரத்துக்குப் போய்ச் சேராமல் ஒரு சீனியர் டாக்டர் கோபித்துக்கொண்டு வேறு கம்பெனிக்கு மாறினார். அந்த நஷ்டத்துக்கும் மாத மீட்டிங்கில் நாற்பது பேர் முன்னால் அவனைத்தான் நிற்க வைத்தார்கள். ஆறு மாதத்தில் அவனும் பேப்பர் போட்டான். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டு பேர் வேலையை விட்டார்கள் என்று தெரியும். நடந்தது ஒரே சங்கதிதான்.

அடுத்தது வசூல். பல கம்பெனிகளில் பில் போட்டால் பாதி வேலைதான் முடிந்தது, பணம் வந்தால்தான் இன்சென்டிவ். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் செய்யும் கேஸ்களில் ஆபரேஷனுக்கு இவ்வளவு என்று பேக்கேஜ் தொகை இருக்கிறது, கிளெய்ம் பணம் வந்த பிறகுதான் சின்ன ஆஸ்பத்திரிகள் எங்களுக்குத் தருவார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது, அவர்களுக்கும் கையில் காசு இல்லை. ஆனால் 120 நாள் தாண்டிய பாக்கி என்றால் அந்த பில்லுக்கு இன்சென்டிவ் கிடையாது என்று விதி போட்டவர்கள், அந்த ஆஸ்பத்திரியில் வியாபாரத்தை நிறுத்தவும் விட மாட்டார்கள். காலையில் டாக்டரிடம் கேஸ் கேட்க வேண்டும், மாலையில் அதே ஆஸ்பத்திரி அக்கவுண்ட்ஸ் அறை வாசலில் செக்குக்கு நிற்க வேண்டும். கடன் கேட்டு நிற்கிற முகத்தோடு மறுநாள் புது பிளேட்டைப் பற்றி எப்படித் தெளிவாகப் பேசுவது?

விலைக் கட்டுப்பாடு வந்ததும்தான் எல்லாம் கெட்டது என்று சிலர் எழுதுவதைப் பார்த்தேன். 2017 பிப்ரவரியில் இதய ஸ்டென்ட்டுக்கு உச்சவரம்பு வந்தது, மருந்து பூசிய ஸ்டென்ட் 29,600 ரூபாய். அதே வருடம் ஆகஸ்டில் முழங்கால் மூட்டு இம்பிளான்ட். கோபால்ட் குரோமியம் வகையின் சராசரி எம்ஆர்பி 1.58 லட்சம் வாக்கில் இருந்தது 54,720-க்கு வந்தது, ஜிஎஸ்டி தனி. அந்த விலைக்குறைப்பு நூற்றுக்கு நூறு சரி என்பது என் கருத்து. நோயாளி கொடுத்துக்கொண்டிருந்த பணத்தில் பெரும்பகுதி நடுவில்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் மார்ஜின் சுருங்கியபோது என் கம்பெனி கை வைத்தது எங்கே தெரியுமா? இரண்டு ஏரியாவை ஒன்றாக்கினார்கள், ஸ்டோர் பார்த்த ஆளை எடுத்தார்கள், செட் தூக்கிப் போக இருந்த பையனையும் எடுத்தார்கள். அந்த வேலையெல்லாம் ரெப்புக்கு வந்தது. டெல்லியில் போட்ட உத்தரவு மேல் ஒரு வருத்தமும் இல்லை எனக்கு, அந்தக் குறைவை யார் தோளில் ஏற்றினார்கள் என்பதில்தான் வருத்தம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வேலையை விட்டுப் போகிறவனை நடத்தும் விதம். ஸ்டாக் கணக்கு முடியவில்லை, பாக்கி வரவில்லை என்று கடைசி மாதச் சம்பளத்தையும் ரிலீவிங் லெட்டரையும் மாதக்கணக்கில் நிறுத்தி வைப்பது எங்கள் துறையில் சர்வ சாதாரணம். இதைப் பார்த்துக்கொண்டு உள்ளே இருப்பவன் என்ன நினைப்பான்? சொல்லிக்கொண்டு போனால் பணம் நிற்கும் என்று சொல்லாமல் போகிறான், ஒரு நாள் போனை அணைத்துவிடுகிறான், செட் எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறது என்பதே தெரியாமல் போகிறது, அடுத்தவன் வந்து அந்தக் குழப்பத்தில் மாட்டுகிறான். தம்பிக்கு இதைச் சொல்லி வையுங்கள்: 2019 ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது, ராஜினாமா செய்தவருக்குச் சேர வேண்டிய சம்பளத்தை இரண்டு வேலை நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. பெரும்பாலான ரெப்புகளுக்கு இது தெரியாது.

எல்லா இடமும் இப்படியா என்றால் இல்லை. என் கடைசி நாலு வருடம் ஒரு டீலரிடம் வேலை பார்த்தேன். பெரிய பேர் கிடையாது, மொத்தம் ஒன்பது பேர். அவர் செய்தது மூன்றே காரியம். ஸ்டோருக்கு ஒரு அக்காவைப் போட்டார், கேஸ் முடிந்து வரும் ஒவ்வொரு பெட்டியையும் அவர்தான் எண்ணுவார், குறைந்தால் அன்றைக்கே தெரியும், யார் பெயரிலும் எழுதாமல் கடைக் கணக்கில் போகும். ராத்திரி போனுக்கு வாரம் ஒருவர் என்று முறை வைத்தார், முறை இல்லாதவன் போனை அணைத்துவிட்டுத் தூங்கலாம். ஓட்டுநரோடு ஒரு வண்டி வைத்தார். அந்த நாலு வருடத்தில் ஒரே ஒருவர்தான் வேலையை விட்டார், அதுவும் துபாய்க்கு. சம்பளம் மற்ற கம்பெனிகளைவிடக் கொஞ்சம் குறைவுதான், ஆனாலும் யாரும் அசையவில்லை. குறைந்துபோன ஸ்க்ரூவுக்கு வருடத்துக்கு எவ்வளவு போகிறது என்று ஒரு தடவை அவரிடம் கேட்டேன். புது ஆள் ஒருத்தனைப் பிடித்துப் பழக்குவதற்கு ஆகும் செலவில் பாதிகூட வராது என்றார்.

ஆகவே உங்கள் தம்பி சேரலாம், கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு. இன்டர்வியூவில் சம்பளத்துக்கு முன்னால், இதற்கு முன் இந்த ஏரியாவைப் பார்த்தவர் யார், அவர் கணக்கு முடிந்துவிட்டதா என்று கேட்கட்டும். அவரிடம் ஒரு தடவை பேசிப் பார்க்க முடிந்தால் ரொம்ப நல்லது, பெரும்பாலும் மனம் திறந்து பேசுவார்கள். ஸ்டாக் குறைந்தால் யார் பொறுப்பு, இன்சென்டிவ் பில்லுக்கா வசூலுக்கா, செட்டை யார் கொண்டுபோவார்கள், மூன்றையும் மெயிலில் எழுதி வாங்கட்டும். முதல் நாளே பெட்டியைத் திறந்து, போன் கேமராவில் டிரே டிரேயாகப் படம் எடுத்து, எண்ணி, எண்ணிக்கையைத் தேதியோடு மேனேஜருக்கு அனுப்பிவிட்டுத்தான் கையெழுத்து. இதற்கு முகம் சுளிக்கிற கம்பெனி என்றால் ஆஃபரை விட்டுவிடலாம். பயோமெடிக்கல் படித்த பையனுக்கு சர்வீஸ் இன்ஜினியர், ஆஸ்பத்திரி பயோமெடிக்கல் டிபார்ட்மென்ட் என்று வேறு வழியும் உண்டு.

தம்பி விற்கப் போவது டிராமாவா (எலும்பு முறிவு), மூட்டு மாற்றா, ஸ்பைனா (முதுகெலும்பு), எந்த ஊர் ஏரியா என்று எழுதுங்கள். மதுரையிலிருந்து நாகர்கோவில் வரை இன்னும் பழகிய ஆட்கள் இருக்கிறார்கள், விசாரித்துச் சொல்கிறேன்.