4 வருட இடுப்பு வலி: உடற்பயிற்சியை நிறுத்த வேண்டுமா?

நிறுத்த வேண்டாம், நேரத்தையும் குனிகிற பயிற்சியையும் மட்டும் மாற்றுங்கள். ஸ்கேனில் பெரிதாக ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லியும், விடியற்காலை எழுந்ததுமே குனிந்து கால்விரலைத் தொடுகிற நாட்களில் வலி கூடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குச் சந்தேகமே அங்கேதான்.

இரவெல்லாம் படுத்திருக்கையில் முதுகெலும்பு வட்டுகள் (எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருப்பவை) நீர் உறிஞ்சி உப்பியிருக்கும், அதனால் எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் குனிந்தால் அழுத்தம் அதிகம். நீங்கள் இருக்கும் கொடைக்கானல் குளிரில் உடம்பும் விறைத்துக் கிடக்கும்.

ஒரு வாரம் இப்படிப் பாருங்கள். காலையில் ஷூ லேஸைக்கூட உட்கார்ந்து, காலைத் தொடைமேல் போட்டுக் கட்டுங்கள். வெயில் ஏறியதும் ஏரியோரமாக நடங்கள். முழுச் சுற்று ஏறத்தாழ 5 கிலோமீட்டர், முதலில் 15 நிமிடம் போதும். சரிவில் இறங்கும்போது நம்மையறியாமல் பின்னால் சாய்வோம், எனக்கு ஒவ்வொரு முறையும் அப்படித்தான் பிடித்துக்கொண்டது, அதனால் சரிவு இப்போதைக்கு வேண்டாம்.

லேசாக வலித்து மறுநாளைக்குள் அடங்கினால் பயமில்லை. அடங்காவிட்டால் தூரத்தைக் குறையுங்கள்.

ஆனால் கால் பலமிழந்தாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, சிறுநீர் கழிப்பதில் சிக்கல் வந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.