ஒரு தாயும் 38 குட்டிகளும்

கேள்வி: ஜுராசிக் காலத்து விலங்கு ஒன்று 38 குட்டிகளுடன் புதைபடிவமாகக் கிடைத்ததாகப் படித்தேன். அது பாலூட்டிதானா? அத்தனை குட்டிகளுக்கும் பால் கொடுத்திருக்குமா? எங்கள் பக்கம் ஊருணி வெட்டும்போது இப்படிப்பட்ட எலும்புகள் கிடைக்குமா?
- வாசகி, கானாடுகாத்தான்

பதில்: தாங்கள் குறிப்பிடுவது கயன்டாதீரியம் என்னும் தாவர உண்ணி. சுமார் 18.5 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த இது, பாலூட்டிகளுக்கு மிக நெருங்கிய உறவு. ஆனால் பாலூட்டி அன்று. நமக்குக் காதுக்குள் சென்றுவிட்ட சிற்றெலும்புகள் இதற்கு இன்னும் தாடை மூட்டாகவே இருந்தன.

அமெரிக்காவின் அரிசோனாவில் 2000ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட பாறையில் முதலில் தாயின் எலும்புகள் மட்டுமே கண்ணுக்குத் தெரிந்தன. பல ஆண்டுகள் கழித்து ஆய்வகத்தில் அதைச் சுத்தம் செய்தவர் ஒரு சிறு பல்லின் மினுக்கத்தைக் கவனித்த பின்னரே, சி.டி. ஸ்கேன் வழியாகக் குறைந்தது 38 குட்டிகள் அதனுள் இருப்பது தெரியவந்தது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஈவா ஹாஃப்மனும் திமோத்தி ரோவும் 2018இல் இதனை ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டனர்.

எண்ணிக்கையைவிட எனக்கு வியப்பளிப்பது குட்டிகளின் மண்டையோடுதான். பாலூட்டிக் குட்டிகளுக்கு முகம் குறுகி, தலை உருண்டு இருக்கும். வளர வளரத்தான் முகம் நீளும். மூளை பெரிதாக இருப்பதே இதற்குக் காரணம். கயன்டாதீரியக் குட்டிகளின் மண்டையோடோ, ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டரே நீளமுள்ளதாயினும், தாயின் மண்டையோட்டைப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கியது போன்ற அதே அளவு விகிதத்தில் இருந்தது. எனவே, பெரிய மூளையுள்ள குட்டிகளைச் சிலவாகப் பெற்று வளர்க்கும் பாலூட்டி வழக்கம் இவ்விலங்கின் காலத்துக்குப் பிறகே, மூளை பெருத்ததோடு சேர்ந்து தோன்றியிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். இவை முட்டையிலிருந்து வந்த குஞ்சுகளாகவே இருக்கக்கூடும் என்பதால், ‘குட்டி’ என்பதும் ஒரு வசதிக்காகத்தான். பால் கொடுத்தமைக்குச் சான்று எதுவுமில்லை. இன்றைய எந்தப் பாலூட்டியும் ஓர் ஈற்றில் சராசரியாக ஈனும் எண்ணிக்கையைப் போல் இரு மடங்குக்கும் மேலான இவற்றையெல்லாம் ஒரு தாய் பாலூட்டி வளர்த்திருப்பாள் என்று நம்புவது கடினம்.

ஊருணி வெட்டுவோர் இதனை எதிர்பார்க்க வேண்டியதில்லை. தங்கள் பக்கத்துச் செம்புராங்கல் எலும்புகளைக் காத்து வைக்கும் பாறையன்று. சிவகங்கைப் பக்கத்துப் பழைய படிவுகளில் அறியப்பட்டவை ஜுராசிக்குக்கு அடுத்து வந்த கிரெட்டேசியஸ் காலத் தாவரத் தடங்களே. இந்தியாவில் ஜுராசிக் காலத்துப் பாலூட்டி உறவுகளின் பற்களைக் காண, கோதாவரிப் பள்ளத்தாக்கின் கோட்டா பாறைப் படிவுக்குத்தான் செல்ல வேண்டும்; 1981இல் விவரிக்கப்பட்ட கோட்டாதீரியம் அங்கே கிடைத்ததுதான்.