பறவை பார்க்க நடுத்தர விலையில் பைனாகுலர்: கேள்வி பதில்

யாழ்ப்பாணத்துக்கு வலசைப் பறவைகள் வரும் காலம் நெருங்குவதால், எந்த பைனாகுலர் வாங்கலாம் என்று கனபேர் கேட்டிருக்கிறீர்கள். கேட்டவர்களை அவரவர் ஊர்ப்பெயரால் குறித்திருக்கிறேன். 150 முதல் 300 அமெரிக்க டொலர் வரையான சாமான்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அநேகமானோர் கனடாவிலோ லண்டனிலோ இருந்து வரும் சொந்தக்காரரிடம் சொல்லி எடுப்பிப்பது இந்த விலைக்குள்தான்.

கோப்பாய்: அண்ணை, 8×42, 10×25 என்று போட்டிருப்பது என்ன? எதை எடுக்கலாம்?

முதல் எண், பறவை எத்தனை மடங்கு கிட்டத் தெரியும் என்பது. இரண்டாவது, முன்வில்லையின் விட்டம், மில்லிமீற்றரில். இரண்டாவதை முதலாவதால் பிரித்துப் பாருங்கள். 8×42 என்றால் 5.25 மில்லிமீற்றர் அகலமான ஒளிக்கற்றை கண்ணுக்குள் வரும், 10×25இல் வெறும் 2.5. மத்தியான வெயிலில் நம் கண்மணியே இரண்டு மூன்று மில்லிமீற்றருக்குச் சுருங்கிவிடுவதால் அந்த நேரம் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. வெள்ளன தொண்டைமானாற்றுக் கரையில் நின்று ஊசிவால் வாத்தையும் சிறவி வாத்தையும் பிரித்தறிய முயலும்போதுதான், சின்னதில் இரண்டும் கறுத்த உருண்டையாகத் தெரியும், 8×42இல் ஊசிவாலின் வெள்ளைக் கழுத்து துலக்கமாகத் தெரியும். முதல் பைனாகுலர் என்றால் 8×42தான், யோசிக்கவே வேண்டாம்.

அடுத்தது உள்ளே இருக்கும் கண்ணாடி. பெட்டியில் மூன்று விஷயம் எழுதியிருக்க வேண்டும்: பேக்-4 (BAK-4) என்ற நல்ல கண்ணாடியில் செய்த பட்டகம், ஃபுல்லி மல்ரி கோட்டட் (வில்லைகள் எல்லாவற்றிலும் பல அடுக்குப் பூச்சு), ஃபேஸ் கோட்டிங் (பட்டகத்துக்குப் போடும் பூச்சு). கடைசியது நேர்க்குழாய் வடிவத்தில் வரும் ரூஃப் வகைக்கு மட்டும் தேவை. அது இல்லாவிட்டால் இறகின் நுணுக்கமான கோடுகள் மங்கிப்போகும். நிக்கோன் மொனாக் எம்5, வோர்ட்டெக்ஸ் டயமண்ட்பேக் எச்டி, செலஸ்ட்ரோன் நேச்சர் டிஎக்ஸ் ஈடி மூன்றிலும் இவை உண்டு. எது குறைந்த விலைக்குக் கிடைக்கிறதோ அதை எடுங்கள்.

சாவகச்சேரி: கடையில் 30×60 ஒன்று மலிவாக இருக்கு. சிவப்புக் கண்ணாடி, இரவிலும் தெரியும் என்று சொல்லுறாங்கள்.

வாங்க வேண்டாம். அந்தச் சிவப்புப் பூச்சு சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும், அதனால்தான் வெளியிலிருந்து பார்க்க அப்படி மின்னுகிறது. உள்ளே பார்த்தால் எல்லாம் பச்சை நீலமாக இருக்கும். பூநாரையின் ரோஸ் நிறமே தெரியாத கண்ணாடியை வைத்து என்ன பறவை பார்க்கிறது? இரவில் தெரியும் என்பதும் பொய். 30 மடங்கு என்பதையும் நம்பாதீர்கள். உண்மையிலேயே 30 மடங்கு என்றால் கையில் பிடித்துப் பார்க்கவே முடியாது.

நல்லூர்: 10 முதல் 30 வரை சூம் உள்ளது நல்லதா?

இல்லை. பார்வைப் புலம், அதாவது ஒரே பார்வையில் தெரியும் பரப்பு, ஒடுங்கும், படம் இருளும், இரண்டு குழாயும் சீக்கிரம் ஒன்றுக்கொன்று விலகும்.

வட்டுக்கோட்டை: நான் மூக்குக்கண்ணாடி போடுறனான். கழற்றித்தான் பார்க்க வேணுமா?

கழற்றத் தேவையில்லை. விவரத்தில் ஐ ரிலீஃப் என்று ஒரு அளவு இருக்கும், அது 16 மில்லிமீற்றராவது இருக்கிறதா என்று பாருங்கள். கண் வைக்கும் ரப்பர் வளையத்தை உள்ளே இறக்கிவிட்டுப் பாருங்கள்.

காரைநகர்: தம்பி, நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எங்கட கடல்நீரேரியில் பறவை அரைக் கிலோமீற்றர் தள்ளி நிற்கும். 8 போதாது, 10தான் வேண்டும்.

ஐயா, தூரம் என்பது சரி. ஆனால் காலை ஒன்பது மணிக்குப் பிறகு பண்ணைப் பாலத்தில் நின்று தண்ணீர்ப் பக்கம் பாருங்கள், காற்றே அலையடிக்கும். அந்தக் கானல் அலையையும் 10 மடங்கு சேர்த்துத்தான் பெருப்பிக்கும். கை நடுக்கமும் அப்படித்தான். அத்தோடு பார்வைப் புலம் குறையும், பறக்கிற உள்ளான் கூட்டத்தைக் கண்ணாடிக்குள் பிடிப்பதே கஷ்டம்.

காரைநகர்: இருபத்தைந்து வயதுப் பெடியனுக்குக் கை நடுங்குமா? நான் மோட்டார் சைக்கிள் இருக்கையில் முழங்கையை ஊன்றித்தான் பார்க்கிறேன். 10இல் ஆய்வாளர் அடையாள வளையம் போட்ட பறவையின் கால் கூடத் தெரியும்.

கைதடி: ஐயா சொல்வதுதான் சரி. நானும் 10தான் வைத்திருக்கிறேன்.

உரும்பிராய்: தோட்டத்தில் மாங்குயில் பார்க்கிற எனக்கு 10 சரிவரவில்லை. கிளையைக் கண்டுபிடிக்கும் முன் குருவி போய்விடும்.

உரும்பிராய் சொன்னதுதான் விஷயம். எங்கே பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. தோட்டம், பனங்கூடல், ஊர் என்றால் 8. திறந்த வெளியில், ஏதாவது ஒன்றில் ஊன்றி, வெயில் ஏற முன் பார்ப்பவருக்கு 10×42 பிழையில்லை, ஐயாவுக்கு அதை விட்டுக்கொடுக்கிறேன். 10×50 பக்கம் மட்டும் போகாதீர்கள், அதைக் கழுத்தில் தொங்கவிட்டு நடந்தால் பின்னேரம் கழுத்துப் பிடிக்கும்.

பருத்தித்துறை: நான் ஆசிரியை. பாடசாலைச் சுற்றாடல் கழகத்துக்கு நான்கு வாங்கலாம் என்றிருக்கிறோம்.

ரீச்சர், பிள்ளைகளுக்கு நிக்கோன் அக்ஷன் ஈஎக்ஸ் 8×40 எடுங்கள். முழங்கை போல வளைந்த பழைய போரோ வகை. பாரம் கொஞ்சம் கூட, ஆனால் அதே காசுக்கு ரூஃப் வகையைவிடத் தெளிவாகத் தெரியும், தண்ணீரும் போகாது.

இதைவிட முக்கியம் ஒன்று. சூரியனைப் பார்க்க விடவே கூடாது, ஒரு நொடிகூட. விழித்திரை சுட்டுப்போனால் திரும்பாது, சுடும்போது நோவும் தெரியாது. 2019 டிசம்பர் 26 வளையக் கிரகணம் இங்கே தெரிந்ததால் பிள்ளைகளுக்கு அந்த ஆசை இருக்கும். பறக்கும் பருந்தைத் தொடரும்போதும் சூரியன் இருக்கும் பக்கம் போகாமல் நிறுத்தப் பழக்குங்கள்.

சுன்னாகம்: பாவிச்சது ஒன்று மலிவாக வருது. என்ன பார்த்து எடுக்க?

முன்வில்லைப் பக்கமிருந்து ரோச் லைற் அடித்து, மறுபக்கத்தால் உள்ளே பாருங்கள். சிலந்தி வலை மாதிரி மெல்லிய இழைகள் ஓடினால் பூஞ்சணம், விட்டுவிடுங்கள். பிறகு தூரத்து மின்கம்பியைப் பாருங்கள். கம்பி இரண்டாகத் தெரிந்தாலோ, கொஞ்ச நேரத்தில் கண் இழுத்தாலோ உள்ளே பட்டகம் அசைந்திருக்கிறது, எங்கோ விழுந்த சாமான்.

வேலணை: பூஞ்சணம் வராமல் வைத்திருப்பது எப்படி? என்னுடையது ஒரு மாரியோடு போச்சு.

தோல் உறையில் போட்டு அலுமாரிக்குள் வைத்திருப்பீர்கள். அந்த உறைதான் ஈரத்தைப் பிடித்து வைக்கும். காற்றுப் புகாத பிளாஸ்ரிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள், ஜெல் நிறம் மாறியதும் சூடாக்கி மறுபடி போடுங்கள். உள்ளே ஈரம் பிடிக்காமல் நைதரசன் வாயு அடைத்தது என்றாலும் இது தேவை, ஏனென்றால் வில்லையின் வெளிப்பக்கத்திலும் பூஞ்சணம் பிடிக்கும். தீவுப் பக்கம் போய் வந்தால் உப்புப் படிந்திருக்கும். சாரத் தலைப்பால் துடைத்தால் உப்பும் மணலும் சேர்ந்து பூச்சைக் கீறிவிடும். தண்ணீர் புகாத வகையென்றால் நல்ல தண்ணீரை மெல்ல ஊற்றிக் கழுவி, பிறகு மென்துணியால் ஒற்றுங்கள்.

கொடிகாமம்: எயார் ரைபிளுக்கு வாங்கின ஸ்கோப்பால் பறவை பார்க்கலாமா? அப்படியே எந்த ஸ்கோப் நல்லது என்றும் சொல்லுங்கோ.

துவக்கு ஸ்கோப் ஒற்றைக் கண்ணுக்குச் செய்தது, கண்ணை மூன்று நான்கு அங்குலம் தள்ளி வைக்க வேண்டும், பார்வைப் புலமும் ஒடுக்கம். அது உதவாது. எந்த ஸ்கோப் என்பது என் துறையில்லை. இலங்கையில் அநேகமாக எல்லாப் பறவைகளும் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை, அதை மறக்க வேண்டாம்.

மானிப்பாய்: 30×60 சிவப்புக் கண்ணாடி எப்படி?

மேலே சாவகச்சேரிக்குச் சொன்னதை வாசியுங்கள்.

அச்சுவேலி: இரவில் தெரியிற மாதிரி...

இல்லை. இந்த விலையில் அப்படி ஒன்றும் இல்லை.

காரைநகர்: தம்பி, சுண்டிக்குளத்துப் பூநாரைக்கு 10உம் காணாது என்பதையாவது ஒத்துக்கொள்ளும்.

ஒத்துக்கொள்கிறேன் ஐயா. அங்கே பைனாகுலரால் கூட்டம் எங்கே என்று கண்டுபிடிக்கலாம், அவ்வளவுதான். முக்காலியில் பூட்டிய ஸ்பொட்டிங் ஸ்கோப், அதாவது தூரத்துப் பறவை பார்க்கும் ஒற்றைக் குழாய்த் தொலைநோக்கி, வேண்டும், 65 மில்லிமீற்றர் வில்லை, 20 மடங்கில் தொடங்குவது. தனியாக வாங்குவது கட்டாது, மூன்று நான்கு பேர் காசு சேர்த்து ஒன்று எடுங்கள், ஸ்கோப்புக்குப் போட்டதில் மிச்சம் பிடித்து மலிவு முக்காலி மட்டும் வாங்கிவிடாதீர்கள், அங்கே அடிக்கிற காற்றுக்கு ஆடிக்கொண்டே இருக்கும்.