உப்பளத்து முன்பணமும் கல்லூரிக் கடனும்

போன வாரம் மேற்படிப்புக்கு ஆலோசனை கேட்டு என்னிடம் தூத்துக்குடியிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. அப்பா, அம்மா, தாய்மாமன், பிளஸ் டூ முடித்த பையன். மாமாவின் கையில் சென்னைக்குப் பக்கத்துத் தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றின் பளபளக்கும் கையேடு. அப்பாவின் மடியில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் நாலு சென்ட் மனையின் பத்திரம். செயற்கை நுண்ணறிவுப் படிப்புக்கு நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் பேசியாகிவிட்டது, பையனுக்கு நீங்கள் தைரியம் சொன்னால் போதும் என்றார்கள்.

பையன் வாயே திறக்கவில்லை. அப்பாதான் பேசினார். "உலகத்திலேயே மோசமான வேலையை நான் பார்த்துவிட்டேன் சார். 19 வருடம் உப்பளம். என் பிள்ளை ஏசி அறையில் உட்கார்ந்தால் போதும்." அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். ஆறுதலாக நாலு வார்த்தை சொன்னேன். அதற்கு மேல் ஆறுதல் சொல்வது அந்தப் பையனுக்குச் செய்கிற துரோகம் என்று பட்டது. அன்று சொன்னதையும், மாமா குறுக்கே பேசியதால் சொல்ல முடியாமல் போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

அண்ணாச்சி, உப்பளம் மோசமான வேலை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. விடியும் முன்பே பாத்தியில் இறங்க வேண்டும். பொழுது ஏறினால் வெள்ளை உப்பில் பட்டுத் தெறிக்கிற வெயில் கண்ணைப் பறித்துவிடும். காலில் வெடிப்பு, வெடிப்பில் உப்புநீர். வடகிழக்குப் பருவமழை வந்தால் வேலையே இல்லை. மழைக்காலத்துக்கு அரசு தருகிற 5,000 ரூபாயை வைத்து மூன்று மாதம் யாரும் குடும்பம் நடத்திவிட முடியாது. ஆனால் அந்த 19 வருடத்தில் ஆக மோசமான நாள் எது என்று நான் கேட்டபோது நீங்கள் வெயிலைச் சொல்லவில்லை. மனைவிக்குப் பிரசவ வலி கண்ட அன்று விடுப்புக் கேட்டீர்கள். "மழைக்காலத்தில் வாங்கிய முன்பணம் கழியட்டும், அப்புறம் போகலாம்" என்று முதலாளியிடமிருந்து பதில் வந்தது. அந்த நாளைத்தான் சொன்னீர்கள். உடம்பை வருத்தியது உப்பு. உங்களை நகரவிடாமல் கட்டிப்போட்டது முன்பணம்.

அதே முன்பணத்தைத்தான் இப்போது பையன் தலையில் வைக்கப் பார்க்கிறீர்கள்.

கணக்கைப் பார்த்துவிடுவோம். கல்லூரி கேட்பது கட்டணமும் விடுதியுமாக ஆண்டுக்கு மூன்றரை லட்சம். நாலு வருடத்துக்கு 14 லட்சம். கையிருப்பும் நகையும் போக 10 லட்சம் கல்விக் கடன். ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் வங்கி அடமானம் கேட்கும் என்பதால்தான் அந்த மஞ்சள் பை. 10 சதவீத வட்டி, பத்து வருடத் தவணை என்றால் மாதம் ஏறக்குறைய 13,200 ரூபாய். படிக்கிற காலத்து வட்டி தனி. பையனின் கட் ஆஃப் 200க்கு 118. கணக்குப் பாடம் அவனை வாட்டியிருக்கிறது. நிரல் எழுதுவதில் ஆசை உண்டா என்று கேட்டேன், தலையைக் குனிந்துகொண்டான். இப்படிச் சேர்ந்து படித்துவிட்டு என்னிடம் திரும்பி வருகிற பட்டதாரிகள் பலர் சொல்கிற முதல் சம்பளம் பதினைந்தாயிரத்தைச் சுற்றித்தான் நிற்கிறது. தவணை போக மிச்சம் என்ன என்பதை மாமா கணக்குப் போட்டுச் சொல்லட்டும்.

கடன் கழுத்தை நெரிக்கிறபோது பிள்ளைகள் எந்த வேலைக்கும் தலையாட்டுவார்கள். 2022இல் தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போன இந்திய இளைஞர்களை எல்லை தாண்டி மியான்மரின் மியாவடிப் பகுதிக்குக் கொண்டுபோய், ஆயுதக் காவலில் இணைய மோசடி செய்ய வைத்தார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் மீட்கப்பட்டுச் சென்னை வந்து இறங்கியவர்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் 13 பேர். அவர்களுக்குக் காட்டிய ஆசையும் மேசை, கணினி, நல்ல சம்பளம்தான். ஏசி அறை யாரையும் காப்பாற்றிவிடாது அண்ணாச்சி.

கலைக் கல்லூரி, வழக்கமான பாலிடெக்னிக், அரசுத் தேர்வுப் பயிற்சி எல்லாம் உங்கள் தெருவிலேயே நாலு பேர் சொல்லிவிடுவார்கள். நான் சொல்ல வேண்டியது வேறு. மாமா எழுந்து வெளியே போன பிறகு பையன் சட்டைப்பையிலிருந்து ஒரு நீல நிற பாட்டில் மூடியை எடுத்து மேசையில் வைத்தான். விடுமுறையில், பிளாஸ்டிக்கை உருக்கி அச்சில் வார்க்கிற ஒரு மோல்டிங் பட்டறைக்கு ஒரு மாதம் வேலைக்குப் போயிருக்கிறான். "உப்பளத்தைவிடக் கேவலமான கூலி வேலை" என்று சொந்தக்காரர்கள் திட்டிய வேலை அது. மூடியின் விளிம்பில் நகம் அளவுக்குப் பிசிறு. "எட்டு மூடி ஒன்றாக விழும் சார். ஆறாவது குழியில் மட்டும்தான் இந்தப் பிசிறு வருகிறது. மெஷினில் கோளாறு இல்லை, அச்சு அந்த இடத்தில் தேய்ந்திருக்கிறது" என்றான். அரை மணி நேரம் ஊமையாக இருந்த பிள்ளை அதைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினான்.

அந்த அச்சைச் செய்வது தனிப் படிப்பு. பிளாஸ்டிக் தொழில்நுட்பம் கற்றுத்தருகிற மத்திய அரசின் சிப்பெட் நிறுவனம் 1968இல் சென்னை கிண்டியில் தொடங்கியது. மதுரையிலும் மையம் இருக்கிறது. அங்கே பிளாஸ்டிக் மோல்டு டெக்னாலஜி என்று மூன்று வருட டிப்ளமோ. பத்தாம் வகுப்புத் தகுதி போதும், சேர்க்கைத் தேர்வு உண்டு. ஆறு செமஸ்டர் கல்விக் கட்டணத்தையும் கூட்டிப் பாருங்கள். கையேட்டுக் கல்லூரியின் ஒரு வருடச் செலவைத் தொடாது.

என்ன கற்றுக்கொடுக்கிறார்கள்? 200 டிகிரிக்கு மேல் உருகிய பிளாஸ்டிக், எஃகு அச்சுக்குள் பெரும் அழுத்தத்தில் பாய்ந்து, சில நொடிகளில் குளிர்ந்து, பொருளாக வெளியே விழுகிறது. குளிரும்போது பிளாஸ்டிக் சுருங்கும். பாலிபுரோப்பிலீன் என்கிற பிளாஸ்டிக் வகை ஒன்று முதல் இரண்டரை சதவீதம் வரை சுருங்கும். ஏபிஎஸ் என்கிற இன்னொரு வகை அரை சதவீத அளவில்தான். 100 மில்லிமீட்டர் மூடி வேண்டுமென்றால் அச்சை எவ்வளவு கூட்டி வெட்டுவது என்று முதலிலேயே கணக்கிட வேண்டும். பிளாஸ்டிக் எந்த வாயில் வழியாக நுழைய வேண்டும், உள்ளே இருக்கும் காற்று எங்கே வெளியேற வேண்டும், குளிர்நீர்த் துளைகளை எங்கே போடுவது, பொருளைத் தள்ளிவிடும் பின்களின் தடம் கண்ணில் படாமல் எப்படி மறைப்பது, சுவர் தடித்த இடத்தில் விழும் பள்ளத்தை எப்படித் தவிர்ப்பது, இவ்வளவையும் கணினியில் வரைய வேண்டும். பிறகு சிஎன்சி என்கிற, கணினி இயக்கும் வெட்டு இயந்திரத்தில் எஃகை வெட்டி, வெட்டுக்கருவி நுழையாத மூலைகளை மின்பொறியால் அரித்து, கண்ணாடி போல மெருகேற்ற வேண்டும். ஊசிமருந்துக் குழல், மிக்ஸி மூடி, சுவிட்ச் பெட்டி, கார் டேஷ்போர்டு எல்லாம் இப்படி ஓர் அச்சிலிருந்து பிறந்தவைதான். சென்னை, ஓசூர், கோவை வட்டாரங்களில் இதற்கென்றே டூல் ரூம்கள், அதாவது அச்சு செய்கிற பட்டறைகள் இருக்கின்றன. பல லட்ச ரூபாய் அச்சு ஒன்று பழுதாகி நின்றால், அதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவனை முதலாளி தேடிப்பிடித்து அழைப்பார்.

குறையையும் மறைக்க மாட்டேன். தொடக்கச் சம்பளம் சுமார்தான். இரவு ஷிப்ட் உண்டு, நின்றே பார்க்கிற வேலை, இரைச்சல், எண்ணெய்க் கறை. சின்னப் பட்டறைகள் டிப்ளமோ முடித்தவனையும் மெஷினுக்குக் கதவு திறந்து மூடுகிற ஆளாகவே வைத்திருக்கப் பார்க்கும். அங்கே ஆறு மாதத்துக்கு மேல் நிற்கக் கூடாது. வருங்கால வைப்பு நிதியும் இஎஸ்ஐயும் பிடிக்காத இடத்தில் சேரவே கூடாது.

"பிளஸ் டூ படித்த இரண்டு வருடம் வீண்தானே?" என்று அம்மா கேட்டார். வீணாகாது அக்கா. அந்த இயற்பியலும் முக்கோணவியலும் அவனுக்கு அங்கே உதவும். டிப்ளமோ முடித்த பிறகு ஆசை இருந்தால் பி.இ. இரண்டாம் ஆண்டிலேயே நேரடியாகச் சேரலாம். தான் எதற்காகப் படிக்கிறோம் என்பது அப்போது அவனுக்குத் தெரிந்திருக்கும்.

கல்யாண வீட்டில் "பையன் என்ன படிக்கிறான்" என்று கேட்டால் என்ன சொல்வது என்றார் மாமா. அந்தக் கேள்விக்கு நான் ஆலோசனை சொல்வதில்லை. தவணையில் ஒரு ரூபாய்கூட அவர் கட்டப்போவதில்லை என்பதை அவரிடமே சொல்லிவிட்டேன்; அவருக்கு வருத்தம்தான்.

இப்போதைக்கு மனைப் பத்திரத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுங்கள் அண்ணாச்சி. கல்லூரிக்கு முன்தொகை எதுவும் கட்ட வேண்டாம். சனிக்கிழமை நீங்களும் தம்பியும் மட்டும் மதுரைக்குப் பஸ் ஏறுங்கள். மையத்துக்குள் போய், பயிற்சிக் கூடத்தைப் பார்க்க அனுமதி கேளுங்கள். அந்த நீல மூடியை மறக்காமல் எடுத்துவரச் சொல்லுங்கள். அதை அங்கிருக்கும் ஆசிரியர் கையில் அவன் கொடுக்கட்டும். நீங்கள் பக்கத்தில் நின்று கேளுங்கள்.