60-இல் போனதற்கு 74 என்று அபராதம்: கட்டுவதா, எதிர்ப்பதா?

மணிக்கு 60 கி.மீ. வேகத்தில்தான் போனீர்கள், ஆனால் வேகக் கேமரா 74 என்று பதிந்து அபராத நோட்டீஸ் வந்திருக்கிறது என்கிறீர்கள். இப்போதைக்குப் பணம் கட்டாதீர்கள். பல இடங்களில் அபராதத்தைக் கட்டினாலே குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும். பிறகு மறுக்க வழியிருக்காது. நோட்டீஸில் உள்ள கடைசித் தேதியைக் குறித்துக்கொண்டு, கேமரா எடுத்த எல்லாப் படங்களையும் கேட்டு வாங்குங்கள்.

படத்தில் உங்கள் காரை ஒட்டி இன்னொரு வண்டி போகிறது என்கிறீர்கள். என் சந்தேகம் அங்கேதான். இத்தகைய கேமராக்கள் பல ரேடார் அலையை அனுப்பித்தான் வேகத்தை அளக்கின்றன. அந்த அலை தூரம் போகப் போக அகலமாக விரியும். பக்கத்து வண்டியின் வேகம் உங்கள் எண்ணில் ஏறியிருக்கலாம்.

இப்படிச் சரிபாருங்கள்:

1. இரண்டு படங்களில் அச்சாகியிருக்கும் நேரங்களைக் கழியுங்கள். இடைவெளி 0.5 விநாடி என்று வைத்துக்கொள்வோம்.
2. மணிக்கு 74 கி.மீ. என்றால் கார் 10.3 மீட்டர் நகர்ந்திருக்க வேண்டும். 60 என்றால் 8.3 தான்.
3. சாலையின் வெள்ளைக் கோடுகளை அளவாக வைத்து, ஒரே சக்கரம் நகர்ந்த தூரத்தைக் கணக்கிடுங்கள்.

8.3-ஐ ஒட்டி வந்தால் தாராளமாக எதிர்க்கலாம். கேமரா சரியாக அளக்கிறது என்பதற்கான அளவீட்டுச் சான்றிதழையும் கேளுங்கள். 10-ஐத் தாண்டினால் பேசாமல் கட்டிவிடுங்கள்.

‘ஸ்பீடோமீட்டர் 60 காட்டியது’ என்பது மட்டும் வாதமாகாது. வழக்கமாக அது கொஞ்சம் கூட்டியே காட்டும். ஆனால் பெரிய டயர் மாட்டியிருந்தால் குறைத்துக் காட்டும். டயர் மாற்றினீர்களா?

ஒன்று கவனம்: தோற்றால் சில இடங்களில் வழக்குச் செலவும் உங்கள் தலையில் விழும். ஓட்டுநர் உரிமத்தில் குற்றப் புள்ளி ஏறாத சின்ன அபராதத்துக்கு இவ்வளவு அலைச்சல் தேவையில்லை.